அம்மாவின் பரீட்சையை நான் எழுதினேன்

மில்லிலிருந்து அம்மா வரும்போது அவளுக்கு முன்னால் பஞ்சு வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். புருவத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூசியைக்கூடத் தட்டாமல், பையிலிருந்து நசுங்கிப்போன 'கோன்' ஒன்றை, அதாவது நூல் சுற்றுகிற அட்டைக் கூம்பை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் அதன்மேல் 'அ' எழுதத் தொடங்குவாள். கூம்பில் வரி முடிகிற இடமே கிடையாது. திருப்பத் திருப்ப எழுதிக்கொண்டே போகலாம். அதற்காகவே அவள் நோட்டை விட்டுவிட்டுக் கோனில் எழுதினாள் என்று நினைக்கிறேன்.

அப்போது நான் ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என் ரேங்க் கார்டில் அம்மா வைத்த 'கைநாட்டை'ப் பார்த்துப் பையன்கள் சிரித்ததால், தெருமுனை அங்கன்வாடியில் சாயங்காலம் நடந்த பெரியவர்கள் வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. பேரை மட்டும் பழகினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று சொன்னேன்.

"பேரை மட்டும் எழுதுனா அது படம் வரையிற மாதிரிலே. எனக்கு எழுத்து வேணும்," என்றாள்.

ஆறு மாதம் போனாள். அவசரமே இல்லை. 'ழ'வை மட்டும் பத்து நாள் எழுதினாள். வால் சரியாக வளைந்த அன்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்த ஒரு எழுத்துக்கு மில்லுக் கோனையெல்லாம் காலி பண்ணிவிடுவாள் போல என்று அப்பா கிண்டல் செய்ய, வெட்கப்பட்டுச் சிரித்தாள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள், எழுதுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் கால்வலியைப் பற்றிப் பேசவில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டதெல்லாம் பரீட்சை எப்போது என்பதைத்தான்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். துணைக்குப் பிள்ளைகளும் உட்காரலாம் என்றார்கள். எனக்கோ மதியம் செட்டியார்பட்டியில் கிரிக்கெட் மேட்ச். அம்மா தன் பேரை எழுதி, ஊரை எழுதி, மூன்றாவது கேள்வியில் ஒரு சொல்லை அழித்து அழித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் தாய்மாருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் பொறுலே, வந்துரும்," என்றாள்.

நான் பொறுக்கவில்லை. பென்சிலைப் பிடுங்கி, தாளை இழுத்து, ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். அவள் எழுதியது போலவே இருக்கட்டும் என்று, வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதினேன். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சர்டிபிகேட் வந்தது. அப்பா தெருவெல்லாம் காட்டினார். அம்மா கையில் வாங்கவே இல்லை. "நீ பாஸாயிட்டலே," என்று மட்டும் சொன்னாள், கோபமே இல்லாமல். அதன் பிறகு மில்லிலிருந்து வந்ததும் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். டீச்சர் ஆள் அனுப்பியபோதும், அதான் முடிந்துபோயிற்றே என்று சொல்லிவிட்டாள்.

இப்போது நான் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்து, அரசு வேலைத் தேர்வுக்கு மூன்றாம் தடவையாகப் படிக்கிறேன். முதல் இரண்டு தடவையும் வேலையை மட்டுமே நினைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்ததால், பத்து பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஒரு கணக்கு மெல்லப் பிடிபடுகிற அந்த நேரத்தை ரசிக்கத் தெரிந்த பிறகுதான் தினமும் உட்கார முடிகிறது. அம்மாவுக்கு இது அன்றே கைவந்திருந்தது. ஒரு கிரிக்கெட் மேட்சுக்காக நான் கெடுத்தது அதைத்தான்.

அங்கன்வாடி வகுப்பு நின்று வெகு காலமாகிறது. போன மாதம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, மறுபடி எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, "அம்புட்டும் மறந்துபோச்சுய்யா," என்று சொல்லி என் புத்தகங்களோடு அடுக்கிவிட்டாள். நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடிக்கிறபோதுதான் உறைக்கிறது: இதையும் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.