பிராங்பேர்ட்டிலிருந்து பத்து மணித்தியாலம்

ஓடிக்கொலோன் மணம் எனக்கு இன்றும் குமட்டும். எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, நெடுந்தீவில் என் பெரியம்மாவின் பிரேதத்தின்மேல் இரண்டு பகல் அதைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பிரேதத்தை மொய்க்கிற இலையான் விரட்டுவது எனக்கும் தங்கைக்கும் வேலை. அந்த இரண்டு பகலையும் எங்களுக்குத் தந்தவர் செல்லத்துரையர்.

கொழும்பில் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய இந்த மனிதர், எண்பத்துமூன்று கலவரத்துக்கு முன்னர் ஒரேயொரு தடவை யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானைக்குப் பிளேனில் பறந்திருந்தார். அந்த ஒரு பயணத்தை வைத்தே மிச்ச ஆயுளை ஓட்டினார். "இருநூறு மைல், ஒரு மணித்தியாலம். வெத்திலை சப்பி முடியேல்லை, இறங்கு எண்டிட்டாங்கள்" என்பார். குறிகாட்டுவான் துறைக்கு வள்ளத்தில், அலைக்குச் சத்தியெடுத்தபடி போய்வருகிற சனம் அவரை ‘பிளேன் துரை’ என்று நக்கலடித்தது. அதையும் பட்டமென்று நினைத்துக்கொண்ட அறிவாளி அவர்.

பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் தியாகு அண்ணை மாடு வளர்த்தார்; தாய் பாயில் கிடந்த எட்டு மாதமும் கழுவித் துடைத்துக் கஞ்சி பருக்கியவர் அவர்தான். இளையவன் பாலன் ஜேர்மனியில் அகதி. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பதே எங்கள் வழக்கம் என்பதால் அவனுக்குத் தந்தி பறந்தது. செல்லத்துரையர் பள்ளிக்கூட அட்லசை விரித்து, அடிமட்டம் வைத்து, பிராங்பேர்ட்டிலிருந்து கொழும்புக் கட்டுநாயக்காவுக்கு ஐயாயிரம் மைல் என்று அளந்தார்.

"பத்து மணித்தியாலம். அங்கையிருந்து பலாலி ஒண்டு. நாளைக்கு மத்தியானம் பெடியன் வாசலிலை நிப்பான். பொறுங்கோ."

பலாலியில் அப்போது ஆமிக்காரர்தான் இறங்குவார்கள். கடலைக் கலக்குகிற சோளகக் காற்றில் வள்ளமும் ஓடவில்லை. அகதியாகப் பதிந்தவன் நாடு திரும்பினால் பிறகு ஜேர்மனியில் கால் வைக்க விடமாட்டார்கள். கூடியிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் அடிமட்டத்தை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்தச் சபையில் அவ்வளவு மரியாதை. சாணி மணக்கிற பிள்ளை பக்கத்திலேயே நின்றது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் மத்தியானம் போயிற்று, பின்னேரமும் போயிற்று. "எதிர்க்காத்துப் போலை" என்றார் செல்லத்துரையர், லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

மூன்றாம் நாள் காலை பாலனின் தந்தி வந்தது: வர இயலாது, செய்யுங்கள். அதன் பிறகும் செல்லத்துரையர், இனிக் கொள்ளிக்கு உரியவர் யாரென்று ஆராயத் தொடங்கினார். தியாகு அண்ணை கிணற்றடியில் தோய்ந்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"எட்டு மாசம் என்ரை கையாலைதான் அவ சாப்பிட்டவ. கொள்ளியும் நான்தான் வைப்பன். மறிக்கிற ஆக்கள் இப்ப மறியுங்கோ."

ஒருவரும் மறிக்கவில்லை. பிரேதம் ஊதிப் பாடைக்குள் அடங்காமல் கிடந்தது. பெரியம்மாவை அந்தக் கோலத்தில் அனுப்ப வைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வீடும் இல்லை, அந்தச் சபையும் இல்லை. இப்போது யாரும் யாருக்காகவும் பிரேதத்தை வைத்திருப்பதில்லை. கலியாணம் கட்டாமலே இருந்த தியாகு அண்ணை போன வருடம் செத்தபோது மட்டும், அவரைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெடியன் ஊரிலிருந்து எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, உங்களைத்தான் கேட்டவர். நீங்கள் வருமட்டும் வைச்சிருக்கட்டோ?"

டொரன்டோவிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரமென்று போனில் தேடினேன். லீவு இருந்தது, பாஸ்போட்டும் இருந்தது. "இருபத்திரண்டு மணித்தியாலம் தம்பி, ஏலாது" என்றேன். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னேன், பார்த்தேன். கொள்ளி வைத்தது யாரென்று நான் கேட்கவில்லை.