கொடிக்கு அப்பால் நாலு கை

பம்பரத்துக்கு உட்கார வராது. பார்சல் கிடங்கில் முகவரி பார்த்துப் பெட்டி பிரிக்கும் எட்டு மணி நேரமும் நின்றபடிதான். வீட்டுக்கு வந்தால் சாப்பாடும் நடந்தபடிதான். "தட்டுக்குக் கால் முளைச்சிருச்சுடி, பிடி பிடி" என்பாள் அக்கா. பட்டப்பெயரும் அவள் வைத்ததே.

மல்லாந்து நீந்தும் நூறு மீட்டர் அவளுடைய பந்தயம். அணியில் இடம் கிடைக்க ஒரு நிமிடம் எட்டு வினாடிக்குள் முடிக்க வேண்டும். இரண்டு வருடமாக ஒன்பதை விட்டு நகரவில்லை. வயது இருபத்தேழு. இந்தத் தேர்வில் இல்லையென்றால் இனி இல்லை.

பயிற்சியாளருக்குத் தரைப் பயிற்சி என்றாலே ஆகாது. "இரும்பைத் தூக்கினா இரும்பு மாதிரிதான் மிதப்ப" என்பார். அதனால் அவருக்குத் தெரியாமல் அக்கா வீட்டுக்காரரின் ஜிம்முக்குப் போனாள். முதல் நாள் கம்பியைப் பிடித்துத் தொங்கியவளால் ஒரு முறைகூட மேலே வர முடியவில்லை.

"என்னம்மா, துணி காயப் போட்ட மாதிரி தொங்குற?" என்றார் மாமா.

ஐந்தாவது மாதம் ஒன்பது முறை மேலே போனாள். அவள் உட்கார்ந்து எழுந்த ஒரே இடமும் அந்த ஜிம்தான், அதுவும் தோளில் பாரத்தோடு. ஆனாலும் குளத்தில் நேரம் குறையவே இல்லை. பாரம் தூக்கிய கை தண்ணீரில் கனத்தது.

"கடைசிப் பத்து நாள் எதையும் தொடாத. உடம்பு வாங்கி வெச்சதை அப்பத்தான் குடுக்கும்" என்றார் மாமா. அந்தப் பத்து நாளும் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

தேர்வு நாள், காலைச் சுற்று. மல்லாந்து நீந்துகிறவருக்குச் சுவர் தெரியாது. ஐந்து மீட்டர் முன்னால் மேலே கட்டியிருக்கும் கொடிகளை வைத்துத்தான் கணக்கு. அவளுக்குக் கொடியிலிருந்து சுவர் வரை ஐந்து கை, அதாவது ஐந்து கைவீச்சு. ஐந்தாவதில் குப்புறப் புரண்டு, திரும்பிச் சுவரை உதைக்க வேண்டும். பத்து வருடமாக அதே ஐந்து. கொடி தலைக்கு மேல் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நா... மண்டை சுவரில் மோதியது.

எப்படியோ நீந்தி முடித்து, எட்டாவது ஆளாக இறுதிச் சுற்றில் ஒட்டிக்கொண்டாள். நர்ஸ் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வெறும் புடைப்புதான் என்று அனுப்பினாள். இறுதிச் சுற்று நாலு மணிக்கு. ஈரத் துண்டைத் தலையில் அழுத்திக்கொண்டு பை வைக்கும் அலமாரிகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தவளைப் பயிற்சியாளர் வழிமறித்தார்.

"அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"எண்ணினேன் சார். நாலுலயே சுவர் வந்துருச்சு."

"சுவர் எப்படிம்மா வரும்? அது என்ன பஸ்ஸா?"

"அஞ்சு மாசமா வெயிட் தூக்குறேன் சார். கை இப்பத்தான் பலமா இழுக்குது."

அவர் அவளுடைய தோளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் அவளைப் பக்கத்திலிருந்த சிறிய குளத்துக்கு அழைத்துப்போய், முழு வேகத்தில் நீந்தச் சொல்லி, கரையோடு கூடவே நடந்து, கொடியிலிருந்து சுவர் வரை எத்தனை கை என்று எண்ணினார். ஆறு முறையும் நாலுதான்.

"நாலுல புரளு. யோசிக்காத."

சொல்வது சுலபம். சீக்கிரம் புரண்டு சுவர் எட்டாமல் போனால் ஆட்டமே போச்சு. நாலு மணி வரை விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே நடந்தாள்.

இறுதிச் சுற்றில் கொடி வந்தது. மூன்றாவது கை முடிந்ததும் உடம்பு பழைய கணக்கைக் கேட்டது. கொடுக்கவில்லை. நாலாவதில் புரண்டாள். கண நேரம் காலடியில் ஒன்றுமே இல்லை. பிறகு இரண்டு பாதங்களிலும் சுவர் அறைந்தது. ஜிம்மில் பாரத்தோடு எழுந்த கால்கள் உதைத்தன.

பலகையில் ஒரு நிமிடம் ஏழு புள்ளி ஒன்பது. மூன்று முறை பார்த்தாள்.

"மறைக்காம இருந்திருந்தா காலையிலயே இது வந்திருக்கும். மண்டையும் மிஞ்சியிருக்கும்" என்று பயிற்சியாளர் திட்டினார். பிறகு பேனாவை எடுத்தார். "உங்க மாமா நம்பரைச் சொல்லு. அவர் அங்க என்ன ஏத்துறார்னு தெரிஞ்சாத்தான் நான் இங்க எண்ண முடியும்."

அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டே நடக்க, அவர் காகிதமும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

"நின்னு சொல்லும்மா!"