மகள் பெயரில் ஆடிய ஆட்டம்

மாத்தளை டவுனில் புடைவைக் கடை வைத்திருந்த ஜைனுதீனின் இரண்டாவது மகள் ஹமீமா. தனக்குக் கிடைத்ததைப் பார்ப்பதற்கு முன் அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெருநாளைக்கு மூத்தவள் றமீஸாவின் சட்டையில் சரிகை கொஞ்சம் அகலமாக இருந்துவிட்டால் போதும், அன்று வட்டிலப்பம்கூட இவளுக்குத் தொண்டையில் இறங்காது. றமீஸா கண்டியில் படித்து ஆசிரியையானாள். ஹமீமா படிப்பை இடையில் விட்டு, பலாபத்வலையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஸுஹைலைக் கல்யாணம் முடித்தாள். ஸுஹைல் நல்ல மனிதன், அதிகம் பேசாதவன். அவன் பேசாததற்கும் சேர்த்து அவள் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள்.

மகள் மபாஸா பிறந்ததும் இவள் யாருக்கும் சளைத்தவளாக இருக்கக் கூடாது என்று ஹமீமா முடிவு செய்தாள். ஆனால் மபாஸா நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிதான் களைத்துப்போகும். பாதி எழுத்தில் எழும்பி ஜன்னலுக்குப் போவாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பூனையோடு பேசிக்கொண்டிருப்பாள். மூன்றாம் வகுப்பில், "இவளை வச்சிட்டு மத்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஏலாது" என்று ரீச்சர் சொன்ன பிறகுதான் டொக்டரிடம் கொண்டுபோனார்கள். ஏ.டி.எச்.டி. என்றார் டொக்டர். மருந்து எழுதினார், வீட்டில் எதையும் ஒரு ஒழுங்கோடு செய்யச் சொன்னார், மாத்தளையில் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தையும் காட்டிவிட்டார். "இது ஒரு கைத்தடி மாதிரித்தான். இதால மட்டும் எல்லாம் சரியாகும்னு நினைக்காதீங்க" என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சு ஹமீமாவின் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமைகளில் பயிற்சி. சர்மிளா மிஸ் என்ற இளம்பெண் நடத்தினாள். வீட்டில் செய்ய வேண்டிய வேறு வேலைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். திரையில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். பிள்ளை அதே வரிசையில் அவற்றைத் தொட வேண்டும். இன்னொன்றில் சிவப்பு மீன் வந்தால் அழுத்த வேண்டும், நீல மீன் வந்தால் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை சரியாகச் செய்யச் செய்ய ஆட்டம் தானாகவே கஷ்டமாகும். சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் மிஸ் கடதாசி நட்சத்திரம் ஒட்டுவாள்.

வெளி வாங்கில் ஹமீமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் துஷாந்தினி. யட்டவத்தைப் பக்கத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. மகன் டிலுக்ஷனோடு இரண்டு பஸ் மாறி வருவாள். வந்த முதல் நாளே, "அக்கா, ஒங்க மக என்னமா பேசுது" என்று சிரித்தாள். ஹமீமாவும் சிரித்தாள். டிலுக்ஷனுக்கு மூன்றாவது நட்சத்திரம் விழும்வரை அந்தச் சிரிப்பு நீடித்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு நட்சத்திரங்கள் மளமளவென்று ஏறின. மபாஸாவின் பெயருக்கு நேரே இரண்டுதான். ஹமீமாவின் கண் ஒவ்வொரு வாரமும் மகளைத் தாண்டி அந்தச் சுவருக்குப் போனது. தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் ஒரு டெப்லட்கூட இல்லை, தாயின் பழைய போனில் பழகுகிறான். அவனுக்கு வருவது என் பிள்ளைக்கு ஏன் வராது? துஷாந்தினி முறுக்கு நீட்டினால், "வேணாம், இப்பதான் சாப்பிட்டேன்" என்றாள். ஒரு நாள் மிஸ்ஸைத் தனியாகப் பிடித்து, "அந்தப் பையனுக்கு நீங்க கூட நேரம் குடுக்கிறீங்களா?" என்று கேட்டே விட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே நேரம்தான். மபாஸா அவ பாட்டுக்குப் போகட்டுமே" என்றாள் மிஸ்.

அவள் பாட்டுக்குப் போவதைத்தான் ஹமீமாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வீட்டில் பழகுவதற்கு மபாஸாவின் பெயரிலேயே டெப்லட்டில் ஆட்டத்தைத் திறந்து கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஏறிய கட்டம் மிஸ்ஸின் கம்ப்யூட்டரிலும் ஏறும், நட்சத்திரக் கணக்கிலும் சேரும். ஒரு நாள் பகல், மகள் ஸ்கூலில் இருந்த நேரம், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு ஹமீமா அதைத் திறந்தாள். என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தாள். பெட்டிகள் மின்னின. முதலில் அவளுக்கும் தப்பியது. பிறகு கை பழகியது. திரையில் பூ வெடித்து, 'மபாஸா, கெட்டிக்காரி' என்று எழுத்து வந்தபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. றமீஸா பரிசு வாங்கிய பள்ளிக்கூட மேடைகளின் கீழே உட்கார்ந்து கைதட்டியவள், முதன்முறையாகத் தானே மேடை ஏறியது போலிருந்தது. அன்று சோறு அடிப்பிடித்தது.

அடுத்த நாளும் ஆடினாள். பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது.

சுவரில் மபாஸாவின் வரிசை நீண்டது, டிலுக்ஷனைத் தாண்டியது. மகள் நட்சத்திரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவை எப்படி வந்தன என்று கேட்கவில்லை, வந்ததே போதும் அவளுக்கு. துஷாந்தினிக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"என்னாக்கா குடுக்கிறீங்க புள்ளைக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

ஹமீமா யோசிக்கவே இல்லை. "வல்லாரை. காலையில வெறும் வயித்துல அரைச்சுக் குடுப்பேன்."

அடுத்த சனிக்கிழமை துஷாந்தினி சொன்னாள், "குடிக்க மாட்டேன்னு அழுவுறான். மூக்கப் புடிச்சித்தான் ஊத்துறேன்." ஹமீமாவுக்கு ஒரு கணம் சங்கடமாக இருந்தது. சுவரைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அதிலிருந்து சில வாரத்தில், ஹமீமா வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பயிற்சி அறைக்குள்ளிருந்து ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மபாஸா மேசைக்கடியில் இருக்கிறாள். ஹெட்போன் நிலத்தில் இரண்டாகக் கிடக்கிறது. திரை நிறையப் பெட்டிகள், பெரியவர்களே தடுமாறும் வேகத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

"எனக்கு மூளை இல்ல உம்மா" என்று மபாஸா விம்மினாள். "முந்தி ஏலும், இப்ப ஏலாம போச்சு."

சர்மிளா மிஸ் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள். "ஹமீமாக்கா, வீட்டுல ஆடினதெல்லாம் ஸ்கூல் நேரத்துல காட்டுது. மபாஸா ஸ்கூல் போறல்லயா?"

வாசலில் துஷாந்தினி நின்றாள். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மேசைக்கடியிலிருந்து மகளின் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

"போறா. ஆடினது நான்தான்."

மபாஸா மெதுவாக வெளியே வந்து சுவரைக் காட்டினாள். "அப்ப அந்த ஸ்டார் எல்லாம் என்ட இல்லயா, உம்மா?"

ஹமீமா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மிஸ் ஆட்டத்தைப் பிள்ளையின் அளவுக்கு இறக்கி வைத்தாள். நட்சத்திரங்களைச் சுவரிலிருந்து எல்லாப் பிள்ளைகளுடையதையும் சேர்த்தே எடுத்துவிட்டாள். "இது ஆடினா இந்த ஆட்டத்துல கெட்டிக்காரராகலாம். அது வகுப்பு வரைக்கும் போய்ச் சேருமான்னு எனக்கே உறுதியாச் சொல்லத் தெரியாது. அதனாலதான் வீட்டுல செய்யச் சொல்லி மத்த வேலையும் தந்தேன். அதெல்லாம் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். ஹமீமா செய்திருக்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் துஷாந்தினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வல்லாரையும் பொய்யா?"

ஹமீமா தலையாட்டினாள். துஷாந்தினி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு பல வாரம் அவள் வாங்கின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

மிஸ் தந்த வேலைகளை ஹமீமா வீட்டில் தொடங்கினாள். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். ஒரு துண்டு முடிந்தால் மகள் முற்றத்தைச் சுற்றி ஓடிவிட்டு வரலாம். பல நாள் ஓடப் போனவள் திரும்பி வரவில்லை. ஸுஹைல் கடையிலிருந்து வந்து அவளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவான். ஆனாலும் ஒரு மாலை, ஒரு முழுப் பந்தியை எழுதி முடித்து, "உம்மா, இது நான்" என்று மபாஸா கொப்பியை நீட்டினாள். எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. ஹமீமா அதைத் திருத்தவில்லை.

மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, ஒழுகாத இடம் ஒரு கோடியில் மட்டுமே இருந்ததால் துஷாந்தினி பக்கத்தில் வந்து உட்கார வேண்டியதாயிற்று. அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"அவ்ளோ ஸ்டார் வாங்குனானே, போன வாரமும் ஸ்கூல் பேக்க பஸ்ல விட்டுட்டு வந்தான். இன்னும் வகுப்புக்கு வெளியதான் நிக்க வைக்கிறாங்க." முகத்தில் தெறித்த மழைத்துளியைத் துடைத்தாள். "ஒங்க மக வந்ததும் ஒங்க கழுத்தக் கட்டிக்கிட்டு நடந்ததெல்லாம் கொட்டுது. இவன் எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டான். அதப் பாத்து எனக்கு எத்தன நாளு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா?"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரியலாம் என்பது ஹமீமாவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. "வல்லாரைய நிப்பாட்டிட்டீங்களா?" என்றாள்.

"அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். அவன் பேசுன ஒரே பேச்சு அதுக்கு நன்றி சொன்னதுதான்."

இருவரும் சிரித்தார்கள்.

ஹமீமாவின் குணம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த தவணையில் டிலுக்ஷன் வகுப்புக்குள் உட்காரத் தொடங்கினான், பரீட்சையில் கணிதமும் பாஸ். மபாஸா பாஸில்லை. செய்தி கேட்டதும் ஹமீமாவின் வயிற்றில் அதே நெருப்பு. இந்த முறை அவள் போனை எடுத்து துஷாந்தினியை அழைத்தாள்.

"சந்தோஷம்தான். ஆனா பொய் சொல்ல மாட்டேன், எரியுது."

"எரியட்டுங்க்கா" என்றாள் துஷாந்தினி. "சனிக்கிழமை வாங்க, முறுக்கு கொண்டாறேன்."

"கொண்டு வாங்க. சாப்பிடுறேன்" என்றாள் ஹமீமா.