தாயின் பெயர் என்ற கட்டத்தில்

என் பெரியம்மா மகள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். அந்த நான்கு மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். பத்தாவதில் அவள் பெயிலானாள். நான் பள்ளியில் இரண்டாவதாக வந்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தேன். ஆனால் பாஸ்போர்ட் முதலில் வந்தது அவளுக்கு.

குவைத்தில் வண்டி ஓட்டுபவரைக் கட்டிக்கொண்டாள். பாஸ்போர்ட் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இதுல இன்னா எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லுடி. நீதான் இங்கிலீஷ்ல புலியாச்சே."

படித்துச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் அவள் அப்பா பெயர், கீழே அவள் அம்மா பெயர், அதற்கும் கீழே வீட்டு விலாசம். எல்லாம் சரியாக இருந்தது. வயிறு எரிந்தது. ஒரு வரி படிக்கத் தெரியாதவள் விமானம் ஏறப்போகிறாள். நான் ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர்களுக்கு 'குட் மார்னிங் சார்' சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் நானும் விண்ணப்பித்தேன். பத்தாவது சான்றிதழும் ஆதாரும் போதும் என்றார்கள். எனக்கும் பாஸ்போர்ட் வந்தது. அதன் பிறகு ராப்பகலாக வெளிநாட்டு வேலைகளைத் தேடினேன். வியட்நாமில் ஒரு பள்ளி வீடியோவில் இரண்டு முறை என்னைப் பேசவைத்துப் பார்த்துவிட்டு, ஆங்கில ஆசிரியையாக எடுத்துக்கொள்கிறோம் என்றது. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

"வியட்நாமா? நம்ம கம்பெனி ஆர்டரெல்லாம் அங்கதான் போவுதுன்னு மேனேஜர் தெனம் கத்தறாரு. இப்ப நீயும் அங்கியே போறியா?" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு பள்ளியிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. குடியுரிமைக்கான ஆதாரம் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியான நாலைந்து நாடுகளைச் சேர்ந்தவர்கள் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். மற்றவர்கள் பாஸ்போர்ட்டோடு பிறப்புச் சான்றிதழும் தர வேண்டும்; இரண்டிலும் பெற்றோர் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். மாதக் கடைசி வரைதான் நேரம். என்னோடு தேர்வானவர்களுக்கான குழுவில் அப்படிப்பட்ட நாட்டுப் பையன் ஒருவன் இருந்தான். "முடிந்தது, நாலு நிமிடம்" என்று எழுதியிருந்தான். அவன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சும்மா பிறந்ததற்கே அவனுக்கு மார்க் போட்டிருந்தார்கள்.

பிறப்புச் சான்றிதழை எங்கள் தெரு முனை பிரவுசிங் சென்டரில் எடுத்தேன். அக்காவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுத் தந்தவர்தான் அங்கே இருந்தார். பிரிண்ட் வந்ததும் அவர் ஒரு முறை அதைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், உங்க அக்கா அம்மா பேரு இதுல இருக்குது?"

தந்தை பெயர் என் அப்பாதான். தாயின் பெயர் என்ற கட்டத்தில் என் பெரியம்மா.

"அப்பா வேற வேற, அம்மா ஒண்ணு, ரெண்டு பொண்ணுக்கும் நாலே மாசம் கேப்பு. உங்க பெரியம்மா இன்னா மெஷினா?" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பக்கத்து சீட்டில் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதை நீட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்ததுபோல உட்கார்ந்தார்.

அம்மா கம்பெனியில் பெரியம்மா பெயரில் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். தையல் லைனில் பாதிப் பேருக்குத் தெரியும். சேரும்போது அம்மாவுக்குப் பதினாறு வயது. பதினெட்டு இருந்தால்தான் எடுப்பார்கள். பெரியம்மாவைப் புகுந்த வீட்டில் வேலைக்கு அனுப்பவில்லை. சும்மா கிடந்த அவருடைய பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அம்மா போனார். பிறகு ஆதார் வந்தது, அதுவும் பெரியம்மாவுடையது. சம்பள அக்கவுண்ட், பி.எஃப்., கேட்டில் காட்டும் அட்டை எல்லாம் பெரியம்மா பெயரில். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: நான் பிறந்த ஆஸ்பத்திரிக்கும் கம்பெனி தந்த இ.எஸ்.ஐ. மருத்துவக் கார்டோடுதான் போயிருக்கிறார்.

"கார்டுல கல்யாணம் ஆனதும் உங்கப்பன் பேர சேத்துட்டேன். ஆஸ்பத்திரில கார்டப் பாத்து அப்பிடியே எழுதிக்கினாங்க. வலியில நான் இன்னாடி சொல்றது, இது நான் இல்ல, எங்கக்கான்னா?"

"இத்தன வருஷம் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஸ்கூல்ல எல்லாம் என் பேருதான குடுத்தேன். இந்தக் காயிதத்த யாரு கேக்கப்போறாங்கன்னு இருந்தேன்."

எனக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் அக்காமேல்தான். பெரியம்மாவின் சான்றிதழ் கம்பெனிக்குப் போனதால் பெரியம்மா வீட்டிலேயே இருந்தார். அக்கா பள்ளிவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும், தட்டில் ஏதாவது சூடாக இருக்கும். நான் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள். அவளுக்கு அம்மாவும் கிடைத்தாள், அம்மாவின் சரியான பெயரும் கிடைத்தது.

வழி இரண்டுதான் இருந்தது. ஒன்று, என் பாஸ்போர்ட்டில் தாயின் பெயரைப் பெரியம்மா பெயராக மாற்றிவிடுவது. அம்மா வேலைக்கு ஆபத்தில்லை. பெரியம்மா சரி என்றார். குவைத்திலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள்.

"உனக்கு அறிவிருக்குதா? எங்கம்மாவ உங்கப்பனுக்குக் கட்டிவெச்ச மாதிரி ஆவும். ஊர்ல எவனாச்சும் பாத்தான்னா? எனக்கு இங்க விசா பேஜாராச்சுன்னா நீ பாப்பியா?"

"உனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா."

"எல்லாம் எடுத்துக்கினீங்க. சர்ட்டிபிகேட்டு, ஆதாரு. அம்மாவையும் குடுத்துடணுமா?"

அவளுக்குப் பின்னால் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. புது திரைச்சீலை. அவள் சொன்னது நியாயம் என்று அப்போதே தெரிந்தது. அதனால்தான் இன்னும் எரிந்தது.

இரண்டாவது வழி, பிறப்புப் பதிவையே திருத்துவது. அதற்கு அம்மா, இவள் என் மகள் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனி நீல கோட்டைக்கூடக் கழற்றாமல் வாணியம்பாடி கோர்ட்டுக்கு எதிரில் இருந்த வக்கீலிடம் வந்தார். வக்கீல் தட்டச்சு செய்த பத்திரத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். அம்மா தயங்காமல் ஒரே இழுப்பில் போட்டார்.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது யார் பேரும்மா?"

பெரியம்மாவின் கையெழுத்து. இருபத்தாறு வருடமாகச் சம்பளச் சீட்டிலும் லீவு சீட்டிலும் போட்ட கையெழுத்து. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "கை தானா போய்ட்டுதுங்க சார்."

வக்கீல் அந்தப் பத்திரத்தைக் கசக்கி எறிந்தார். அடுத்ததை எடுக்கவில்லை. "இதே கையெழுத்து கம்பெனில இருக்குதா? திருத்தம் கேட்டா ஆஸ்பத்திரில இருந்து கம்பெனிக்கு லெட்டர் போவும். வேலைல இருக்கறப்ப தெரிஞ்சா மோசடின்னு எழுதிடுவாங்க. மொதல்ல வெளிய வாங்க. அப்புறம் உங்க கையெழுத்துப் போடலாம்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா நீல கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் வந்து, "வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

நான் தடுத்திருக்கலாம். வியட்நாம் வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அன்று காலை அக்கா கடற்கரையில் நின்று ஒரு படம் போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கம்பெனியில் அம்மாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், பெரியம்மா பெயரைச் சொல்லி. பத்து நாளில் அம்மா மாதனூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் தன் சொந்த ஆதாரோடு சேர்ந்தார். அங்கே அவர் புது ஆள். சம்பளம் கம்மி. மெஷின் தரவில்லை, தோலுக்குப் பசை தடவி ஒட்டும் மேசையில் நிற்க வைத்தார்கள். லைன் லீடர் அம்மாவிடம் ஒரு காலத்தில் ஊசி கோக்கக் கற்றுக்கொண்ட பெண்.

"அக்கான்னுதான் கூப்புடறா. ஆனா வேல ஜாஸ்தி வாங்கறா" என்றார் அம்மா, காலைத் தேய்த்துக்கொண்டே.

பிறகு இரண்டாவது பத்திரம் எழுதினோம். அம்மா தன் பெயரை எழுத்தெழுத்தாகப் போட்டார். பெரியம்மாவும் வந்து, இந்தக் குழந்தை என்னுடையது இல்லை என்று கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்குக் கடிதம் போனது. அப்படி யாரும் இப்போது எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. நகராட்சிக்கு ஐந்து முறை நடந்தேன். மாதக் கடைசி தாண்டிவிட்டது. பள்ளிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். அடுத்த பருவத்துக்கு வரலாம், இடம் வைத்திருக்கிறோம் என்று ஒரு வரியில் பதில் எழுதினார்கள்.

திருத்திய சான்றிதழ் வந்ததும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உங்கம்மா பெயர் உனக்கே திரும்பிவிட்டது என்று காட்டத்தான் அனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், நானும் போகிறேன் பார் என்று காட்டத்தான். உடனே கூப்பிட்டாள்.

"சந்தோஷம்டி" என்றாள். "சித்தி வேலைய விட்டுச்சாமே."

"ஆமா."

"உனக்காக."

நான் கையிலிருந்த சான்றிதழை மடித்தேன்.

"டென்த்து திரும்ப எழுதறேன்னு நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா? எங்கம்மா ஒரு ஃபாரம் வாங்கித் தரல. வீட்டுலியே இருந்தாங்க, ஒரு நாள் ஸ்கூலாண்ட வந்து கேக்கல. நீ சாவிய மாட்டிக்கினு போவறப்ப எனக்குப் பத்திக்கினு வரும். உனக்குன்னு ஒரு சாவி." மூக்கை உறிஞ்சினாள். "சரி, வெக்கறேன். அவர் வந்துட்டாரு."

போனைக் கீழே வைக்காமல் நின்றிருந்தேன். அவளுக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், ஆனால் அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. இவ்வளவு வருடம் நான் அவளைப் பார்த்தபோதெல்லாம் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு இனிப்பாக இருந்தது. மறைத்து என்ன பயன்.

அம்மா வந்தார். கோட்டில் பசை காய்ந்து, விரல் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் கேட்டார். துணியில் நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன்.

"யாரு போன்ல?"

"அக்கா."

"இன்னா சொன்னா?"

"நல்லா இருக்காளாம்" என்றேன்.