புறவழிச்சாலையில் வேகம் குறைத்தவர்

குத்தாலத்துக்கு அருகே வயல்களை எடுத்துப் புறவழிச்சாலை போட்டார்கள். அது போக்குவரத்துக்குத் திறக்கும் முன்பு, ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலர் அங்கே பைக் பந்தயம் விட்டோம். இரண்டிரண்டு வண்டியாக, பாலம் வரைக்கும் ஒரே நேராக.

எங்களோடு பந்தயம் விட வந்த ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பழைய பைக்கில் வருவார். கிளம்பும்போது எங்களில் யாரோடு விட்டாலும் முந்திவிடுவார். ஆனால் பாதி வழியில் ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்து, தரையைப் பார்த்தபடி மெல்லப் போவார். ஒவ்வொரு முறையும் தோற்றார்.

பெட்ரோல் விலையும் மளிகை விலையும் ஏற ஏற, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் நானும் அவரும்தான். அன்றும் தோற்றுவிட்டு வந்தவரிடம், "வண்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. அந்த எடத்துல ரோட்டுக்குக் கீழ என் வயல் இருக்கு. போராட்டமெல்லாம் பண்ணிப் பார்த்தோம், எடுத்துட்டாங்க. அதுமேல வேகமா போக மனசு வரலீங்க."

"அப்புறம் எதுக்குப் பந்தயத்துக்கு வர்றீங்க?"

"சும்மா வந்து நின்னா, தகராறு பண்ண வந்துட்டேன்னு வாட்ச்மேன் வெரட்டுறான். பைக் விட வந்தேன்னா சிரிச்சுக்கிட்டே விட்டுடறான்."

என் வண்டியை விற்கப்போவதைச் சொல்லத்தான் அன்று போயிருந்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப இனிமே நான் யாருகிட்டங்க தோக்கறது?" என்றார் அவர்.

சாலையைத் திறந்துவிட்டார்கள். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. இப்போது நான் போகும் பஸ் அந்த இடத்தில் வேகம் குறைப்பதில்லை. என் கால்கள்தான் மிதிக்கக் கூசி, தாமாகத் தரையை விட்டு எழும்புகின்றன.