அரை மணி நேரம் முன்னால் சாப்பாடு

அவள் டெய்லராக விரும்பினாள். அது நடக்காமல் போனதில் பெரிய பங்கு என்னுடையது. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அதையும் செய்தேன்.

முதலிபாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்திருந்தேன். சமூகப்பணி படித்துவிட்டு வெள்ளகோவிலிலிருந்து நேராக வந்தவள். நடந்து போக வேண்டிய இடத்துக்கும் ஓடித்தான் போவேன். ஒரிசாவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கிய சமயம் அது. வந்தவர்களில் பலர் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவுங்களுக்கு இது அவுங்க ஊடு மாதிரி இருக்கோணுங்க. என்ன செய்யோணுமோ செய்யுங்க கண்ணு" என்றார். எனக்கு அது போதும். ஒரே வாரத்தில் திட்டம் தயார்.

அந்தப் பெண்ணை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் முதலில் கவனித்தேன். பத்தொன்பது வயதிருக்கும். கைமடி வேலை, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குவது. அவளுடைய டெய்லர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் அக்கா. தகரக் கொட்டகையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து டிபனைத் திறப்பார்கள். ஒரிசாப் பெண்களுக்கு விடுதியிலிருந்து வாளியில் சோறும் சாம்பாரும் வரும். அக்கா தன் டிபன் மூடியில் மீன்குழம்பை ஊற்றி அவள் பக்கம் தள்ளுவாள். இருவரும் அவசரமாகத் தின்றுவிட்டு, மற்றவர்கள் பாதி முடிப்பதற்குள் உள்ளே போய்விடுவார்கள்.

அடுத்தவர் குழம்பை எதிர்பார்த்து ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. உள்ளே போய் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நான் ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவள்.

திட்டம் இதுதான். ஒரிசாப் பெண்களுக்குத் தனி லைன், அதாவது தனி மெஷின் வரிசை. இந்தி தெரிந்த சூப்பர்வைசர். மதியம் சூடாக ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. விடுதிச் சமையல்கட்டால் ரொட்டியையும் மற்றவர்களுக்கான சோற்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாது என்றதால், அவர்களுக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னால் சாப்பாடு. ஒரு கூட்டம் போட்டு விளக்கினேன். சூப்பர்வைசர் இந்தியில் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள். அதைப் போட்டோகூட எடுத்து ஃபைலில் ஒட்டினேன்.

ஃப்ளோர் இன்சார்ஜ் உள்ளூர்க்காரர். "புதுசா வந்தவிகளுக்குச் சுடச்சுட ரொட்டி, எங்களுக்கு எப்பவும் போலப் பழைய சோறுங்களா மேடம்?" என்று கேட்டார். கேலி என்று தெரிந்தும் பத்து நிமிடம் அவருக்குப் பாடம் எடுத்தேன்.

திட்டம் தொடங்கிய மூன்றாம் நாள் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மேடம், நா அங்கனயே இருக்கேன். இங்கன வேண்டாம். அங்கன அக்கா இருக்காவ."

அவள் தமிழ் முழுக்க அக்காவிடம் கற்றது. ஒரிசாப் பெண்ணின் வாயில் அச்சு அசலாகத் தூத்துக்குடி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். ரொட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நல்லாருக்கு என்றாள். அப்புறமென்ன, போகப்போகப் பழகிவிடும் என்று அனுப்பிவைத்தேன். சாயங்காலம் ஆபீசில் அவளைப் போலவே பேசிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து டெய்லர்கள் பற்றாமல் போனதால், கைமடிப் பெண்களில் விருப்பமுள்ளவர்களை இன்சார்ஜ் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார். அவள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து அவள் தைத்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். இவள் எப்போது பழகினாள்? பாதியில் நூல் அறுந்தது. அந்த மெஷினில் நூல் பல துளைகளையும் கொக்கிகளையும் சுற்றிச் சுற்றி வரவேண்டும். அவளுக்குக் கோக்கத் தெரியவில்லை. மெயின் லைன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அது சாப்பாட்டு நேரம், அக்காவின் ஸ்டூல் காலியாக இருந்தது. இன்சார்ஜ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பரவால்ல கண்ணு. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவள் எழுந்து, பாதி தைத்த துணியை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் ஊருக்குக் கிளம்பிய நாலைந்து பேருடன் அவளும் கிளம்பினாள். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

எப்படித் தைக்கப் பழகினாள் என்று அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் மெஷின் டிராயரைத் திறந்து, கட்டிங் வேஸ்ட் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன மூட்டையை எடுத்தாள். முதல் துண்டுகளில் தையல் பாம்பு போல நெளிந்தது. கடைசித் துண்டில் கோடு போட்டது போல இருந்தது.

"சாப்பிட்டுட்டு வந்து தெனம் கால் மணி நேரம் தைப்பா. தையலெல்லாம் வந்துட்டு மேடம். நூல் கோக்கதுதாம் பாக்கி. அந்தத் திங்கக்கெழம சொல்லிக்குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க சாப்பாட்ட மாத்திட்டிய."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதாம் அவளே ஒங்க ரூமுக்கு வந்து சொன்னாளே."

சொல்லிவிட்டு அவள் மெஷினை ஓட்டத் தொடங்கினாள். முதலாளியிடம் போய்ச் சாப்பாட்டு நேரத்தை மறுபடியும் ஒன்றாக்கச் சொன்னேன். "செரீங்க, உங்க இஷ்டம்" என்றார். அதற்கு முன்பே ஆடிட்டுக்கு வந்த பையர் ஆட்கள், எங்கள் பனியனை வாங்குகிற கம்பெனிக்காரர்கள், என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரே மணிக்கு எல்லாரும் கொட்டகைக்கு வந்த முதல் நாள், நானும் என் டிபனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரிசாப் பெண்கள் தாங்களாகவே ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தனியாக உட்காரப் பழக்கிவிட்டது நான்தான். இன்னொரு பக்கத்தில் அந்த அக்கா, பழக்கதோஷத்தில் மூடியில் குழம்பை ஊற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சோற்றிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.