பிரேக் இல்லாத கார்

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சொன்ன பொய் ஒன்றுதான்: "பிரேக் இல்ல." ஆமிக்காரர் வாகனம் கேட்டாலும் அதுதான் பதில், இயக்கப் பொடியன்மார் கேட்டாலும் அதுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கொடுத்த வாகனம் முழுசாகத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், தாங்களே ஏறியிருந்து பெடலை மிதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

என் கணவர் பொய்யையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். வவுணதீவில் எங்களுக்குச் சோறு போட்டது ஒரு பழைய இங்கிலீசுக் கார், வாடகைக்கு ஓடும். ஓட்டம் இல்லாத நாட்களில் அதன் பிரேக்குக்குள் காற்றை விட்டு வைப்பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் பெடலில், அவர் பின்சில்லுக்கு அடியில்.

"மிதி புள்ள... புடி... உடு."

சில்லின் உட்பக்கம் நிப்பிள் என்று துளையுள்ள ஒரு சின்னத் திருகாணி உண்டு. நான் மிதிக்கையில் அவர் அதைத் தளர்த்துவார். மறுபடி இறுக்கிய பிறகு நான் காலை எடுத்தால் காற்று வெளியேறிப் பிரேக் பிடிக்கும். இறுக்குமுன் எடுத்தால் காற்று உள்ளே போய்ப் பிரேக் படுத்துவிடும். ஓட்டம் வந்தால் காற்றை எடுப்போம், அது முடிந்ததும் விடுவோம். இதற்குத்தான் என் அப்பா என்னை இவ்வளவு படிக்க வைத்தார் என்று அவரைச் சீண்டுவேன்.

ஒருநாள் பாலத்தடி ஆமிச் சென்றியில் காவல் நின்று வாகனங்களைச் சோதிக்கும் சார்ஜன் வீட்டுக்கே வந்து கார் கேட்டான். சில்லுக்கு முன்னால் பாலை மரக்கட்டை ஒன்று வைத்து, பார்க்கவே பரிதாபமாகக் காரை நிறுத்தியிருந்தோம். ஏறி மிதித்தான். பெடல் தரைக்குப் போனது. காரின் பின்னால் நின்ற சிப்பாயிடம் பிரேக்கின் சிவப்பு லைட் எரிகிறதா என்று கேட்டான். எரியவில்லை. அந்தக் காரில் பிரேக் எண்ணெய்க்கு அழுத்தம் ஏறினால்தான் அந்த லைட் எரியும்.

"பொய் இல்ல. பிரேக்தான் இல்ல" என்று சிரித்துவிட்டுப் போனான். நாங்களும் அவன் போன பிறகு வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த கிழமை, பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டில் இருந்த என் தங்கச்சிக்கு நோவு கண்டது. மாதம் நிறையவில்லை, இரத்தமும் போனது. பார்த்த மருத்துவிச்சி, "என்னால ஏலாது, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கையை விரித்துவிட்டாள்.

அவர் சில்லடிக்குள் புகுந்தார். நான் மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். காற்றெல்லாம் போன பிறகும் பெடல் நிற்கவில்லை. முதலில் கல் மாதிரி நின்றுவிட்டு, என் காலுக்குக் கீழே மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

"பஞ்சு மாதிரிக் கிடக்கா, தாழுதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"தாழுது."

"அப்ப காத்தில்ல. எங்கயோ ஒழுகுது."

நிப்பிளடியில் ஈரம். திறந்து திறந்து பூட்டியதில் அதன் முனை தேய்ந்துவிட்டது. எங்கள் பொய் பிரேக்கை உண்மையாகவே தின்றிருந்தது. உள்ளே தங்கச்சி கத்துகிறாள். அவர் எழும்பிப் போய்த் தன் சைக்கிள் சில்லைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு சின்ன இரும்புக் குண்டை எடுத்து வந்தார். அதை நிப்பிள் இருந்த குழிக்குள் போட்டு, அதன்மேல் நிப்பிளைத் திருகி இறுக்கினார். மறுபடி காற்றெடுத்தோம். பெடல் நின்றது. தங்கச்சியையும் துணைக்கு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

வழியில்தான் பாலத்தடிச் சார்ஜனின் நினைவு வந்தது. "பெடலத் தொடாதீங்க, லைட் எரிஞ்சிரும். கியரிலயும் ஹேண்ட் பிரேக்கிலயும் நிப்பாட்டுங்க" என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே.

சென்றியில் நோயாளியும் ஓட்டுகிறவரும் தவிர எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். நான் பாலைக் கட்டையைத் தூக்கிக்கொண்டு காரின் பின்னால் நடந்தேன், பிரேக் இல்லாத காருக்குக் கட்டை வைக்க வந்தவள் மாதிரி. அதே சார்ஜன் என் பக்கத்தில் வந்து நின்றான். தடைமரத்துக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் தங்கச்சி வீறிட்டாள். அவர் பதறிப்போய் மிதித்துவிட்டார்.

சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது.

சார்ஜன் லைட்டைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து காருக்குள் பார்த்தான்.

"ஆஸ்பத்திரி போ. திரும்பி வாறது, கார் எனக்குக் குடுக்கிறது" என்றான் தன் அரைகுறைத் தமிழில்.

பெண் குழந்தை. சுண்டெலி மாதிரி இருந்தாலும் தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அம்மாவை அங்கே விட்டுவிட்டு, அடுத்த நாள் பின்னேரம் நாங்கள் திரும்பினோம். சொந்தம், வீடு, வயல் வட்டை எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கையில் காரைக் கொடுக்காமல் எங்கே ஓடுவது? பாலத்துக்கு முன்னால் ஒரு மரநிழலில் அவர் காரை நிறுத்தி ஸ்பானரை எடுத்தார்.

எனக்குச் சந்தோசம். "ஓம், காத்த உட்டுட்டுக் குடுப்பம். எங்கயாவது போய் முட்டட்டும்" என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன்.

"காத்து உடுறதுக்கு இல்ல, மிச்சத்தையும் எடுக்கப் போறன். ஒழுங்கா மிதி."

"எங்கட சோத்தப் பறிக்கிறவனுக்கு இவ்வளவு கரிசனையா?"

அவர் சில்லடிக்குள் இருந்து தலையை நீட்டினார். "ஓட்டப்போறது அவன்தான். றோட்டுல நடக்கிறது எங்கட சனம்."

நான் ஏறியிருந்து மிதித்தேன். நாலு சில்லுக்கும் காற்றெடுத்தோம். குமிழி ஒன்றுகூட வராமல் நிற்கும் வரை என்னை விடவில்லை.

சார்ஜன் தானே ஏறியிருந்து ஒருதரம் மிதித்துப் பார்த்தான். பிறகு ஊர்ப்பக்கம் வேகமாக ஓட்டிப் போனான். நாங்கள் பின்னால் நடந்தோம், கட்டை என் கையில். வளைவில் ஒரு சின்னப் பெட்டை ஆடுகளைத் துரத்திக்கொண்டு திடீரென்று றோட்டில் ஏறினாள்.

சிவப்பு லைட் எரிந்தது. கார் நின்றது. பெட்டை ஆடுகளோடு அந்தப் பக்கம் போனாள்.

பிறகு அந்தக் காரை நாங்கள் காணவில்லை. அவர் என் கையிலிருந்த கட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் நான் அழுதுகொண்டே போனேன்.